கறுப்பின எழுத்தாளர்தம் தன்னனுபவக் கட்டுரைகளில் உவகை



அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுத்து என்றதும் தமிழ் வாசகரின் செவியில் முதலில் எழுவது சங்கிலியின் ஓசை. அடுத்து எழுவது சாட்டையின் ஓசை. அது இயல்பே. 1619இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் இறக்கப்பட்டது முதல் 1865இல் அரசியற்சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது வரையான ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டை மறந்துவிட்டு அவ்வெழுத்தின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க இயலாது. ஆயினும் மூன்றாவதாக ஓர் ஓசையும் அதில் தொடக்கம் முதலே கேட்டுக்கொண்டிருக்கிறது. அது சிரிப்பின் ஓசை. துயரத்தை எழுதியவர்களை மதிக்கப் பழகிவிட்ட திறனாய்வு, இச்சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுகிறது. அச்சிரிப்பு யாருக்கு உரியது என்பதே இவ்வுரையின் கேள்வி. விடை தேடுவதற்குப் புதினத்தைவிடத் தன்னனுபவக் கட்டுரையே தக்க களம். புதினத்தில் சிரிப்பவர் கதைமாந்தர். கட்டுரையில் சிரிப்பவரோ தம் பெயரோடும் ஊரோடும் உடலோடும் நின்று சிரிக்கிறார். அதற்குரிய கணக்கையும் அவரே தீர்க்கவேண்டும்.

அக்கணக்கு எளியதன்று. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி வடக்கே சென்ற ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு திகைப்பைப் பதிவு செய்கிறார். அடிமைகள் பாடுகிறார்கள், ஆகவே அவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று வடபுலத்து மக்கள் பேசுவதைக் கேட்டு எழுந்த திகைப்பு அது. அப்பாடல்கள் கண்ணீர் செய்யும் வேலையைச் செய்தவை என்பது அவர் தரும் விளக்கம். 1855இல் எழுதிய இரண்டாம் நூலில் இன்னொன்றையும் சேர்க்கிறார்: வாய் மூடி வேலை செய்யும் அடிமையை எசமானரும் கங்காணிகளும் விரும்புவதில்லை, ஓசை எழுப்பச் சொல்லி ஏவுவார்கள். பாட்டு அங்கே கட்டளை. கட்டளையிட்டு வாங்கிய பாட்டையே மகிழ்ச்சியின் சான்றாக உலகத்தின் முன் நீட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேடைகளில் வெள்ளை நடிகர் கருக்கிய தக்கையை முகத்தில் பூசிக்கொண்டு, பல்லை இளித்து ஆடிக் கறுப்பரைப் போலச்செய்த ‘மின்ஸ்ட்ரல்’ கூத்தும் இதன் கிளையே. ஆகவே ஒரு கறுப்பின எழுத்தாளர் ‘மகிழ்ந்தேன்’ என்று எழுதும்போது, அச்சொல் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் ஆவணமாகிவிடும் இடர் எப்போதும் உண்டு.

மெய்ப்பாட்டியல் பயின்றோர்க்கு இவ்விடர் எளிதில் விளங்கும். தொல்காப்பியர் நகையையும் உவகையையும் இருவேறு மெய்ப்பாடுகளாக வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். பிறரை எள்ளித் தான் நகுதல் மட்டுமன்றி, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் அதனுள் அடங்கும் என்று விரிப்பார் உரைகாரர் பேராசிரியர். தோட்ட முதலாளியும் கூத்து மேடையும் கறுப்பரிடம் கேட்டது அந்த இரண்டாவது நகையை. உவகைக்கோ புலனும் விளையாட்டும் நிலைக்களன்களாக எண்ணப்படுகின்றன. இவ்வுரையில் வரும் கட்டுரையாளர் எவரும் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். எனினும் எள்ளலில் பிறக்கும் நகையிலிருந்து, புலனிலும் விளையாட்டிலும் பிறக்கும் உவகையைப் பிரித்தெடுப்பதே அவர்கள் செய்த வேலை எனலாம்.

சோரா நீல் ஹர்ஸ்டன் 1891இல் அலபாமாவில் பிறந்தார். புளோரிடாவின் ஈட்டன்வில் ஊரில் வளர்ந்தார். 1887இல் நகராட்சியாகப் பதிவு பெற்ற அவ்வூரில் மேயர் முதல் கடைக்காரர் வரை அனைவரும் கறுப்பரே. அவருடைய தந்தையாரும் அங்கு மேயராக இருந்தவர். 1928 மே மாதம் ‘தி வேர்ல்ட் டுமாரோ’ இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை, தம் நிறம் தமக்கு எப்படிப்பட்ட உணர்வைத் தருகிறது என்பதைச் சொல்வது. அதில் ஒரு சிறுமி வாயிற்கம்பத்தின்மேல் ஏறி அமர்ந்து, ஊர் வழியே போகும் வெள்ளையரை வேடிக்கை பார்க்கிறாள். சிறிது தொலைவு அவர்களோடு நடக்கிறாள். பேசுகிறாள், பாடுகிறாள், ஆடிக் காட்டுகிறாள். அவர்கள் காசு தருகிறார்கள். அவளுக்கு அது வியப்பு. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் காசு கொடுத்தால் பொருந்தும். அத்தனை விருப்பத்தோடு ஆடுபவளுக்கு ஆடுவதற்காக ஏன் காசு? ஊரார் ஒரு காசும் தருவதில்லை. அவளுடைய துள்ளலைக் கண்டு சற்று முகஞ்சுளிக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் அவள் அவர்களுடைய சோரா.

இப்பகுதியை இளமை நினைவென்று மேலோட்டமாகப் படித்துவிடக் கூடாது. டக்ளஸ் எழுப்பிய சிக்கலுக்கு ஹர்ஸ்டன் தந்த விடை இங்கேதான் இருக்கிறது. பார்ப்பவர் காசு கொடுத்ததாலேயே ஆட்டம் அவருடையது ஆகிவிடாது. ஆட்டம் அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பதின்மூன்றாம் வயதில் அவள் ஆற்றுப்படகேறி ஜாக்சன்வில் நகரத்துப் பள்ளிக்குப் போகிறாள். படகிலிருந்து இறங்கியபோது சோரா இல்லை. பெயரற்ற ஒரு கறுப்புச் சிறுமியே எஞ்சுகிறாள். நிறம் பிறப்பில் வந்ததன்று, இறங்குதுறையில் வந்தது என்பதை இத்தனை சுருக்கமாகச் சொன்ன எழுத்து குறைவு. பின்னர் ஒரு நகரத்து இசைக்கூடத்தில் ஜாஸ் இசை முழங்க, அவர் உள்ளுக்குள் காட்டில் ஈட்டி எறிந்து ஆடுகிறார். பக்கத்து நாற்காலியில் வெள்ளை நண்பர் அமைதியாகப் புகைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நொடியில் இரக்கத்திற்குரியவர் யார் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

இக்கட்டுரையின் குறையையும் சொல்லவேண்டும். அடிமைக்காலம் அறுபதாண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது, அதற்காக அழுதுகொண்டிருக்கத் தமக்கு நேரமில்லை என்ற தொனியில் அவர் எழுதுகிறார். அவர் பெருமையோடு பெயர் சொல்லும் அதே ஆரஞ்சு கவுண்டியில், 1920 நவம்பரில், ஒகோயி என்னும் ஊரில் வாக்களிக்க முயன்ற கறுப்பர் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர், அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. பின்னாளில் ஹர்ஸ்டனே அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதன் புகை இல்லை. உவகை தன் பக்கத்தில் கிடக்கும் சாம்பலைக் காட்டாமல் விட்டால், பிறர் அதைச் சான்றாக எடுத்துக்கொள்வது எளிதாகிவிடுகிறது.

மிசிசிப்பியில் பிறந்து பட்டினியையும் வன்கொடுமையையும் கண்டு வளர்ந்த ரிச்சர்ட் ரைட் சினம் கொண்டது இதனால்தான். 1937 அக்டோபரில் ‘நியூ மாஸஸ்’ இதழில் ஹர்ஸ்டனின் புதினமொன்றை மதிப்பிட்டபோது, சிரிப்புக்கும் கண்ணீருக்கும் இடையே ஊசலாடும் மாந்தரைப் படைத்து வெள்ளையருக்குக் கூத்துக் காட்டுகிறார் என்று அவர் குற்றம் சாட்டினார். ரைட்டின் அச்சம் நேர்மையானது, தீர்ப்பு கொடியது. எசமானன் களவாடிய பொருளை, அது களவுபோன பொருள் என்பதற்காகவே சொந்தக்காரர் தொடக்கூடாது என்பது போன்றது அத்தீர்ப்பு. அதன்பின் பல ஆண்டுகள் போராட்டமே எழுத்தின் ஒரே தகுதியாக எண்ணப்பட்டது. ஹர்ஸ்டனின் நூல்கள் அச்சில் இல்லாமல் போயின. 1960 சனவரியில் புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் நகரில், ஏழைகளுக்கான நலவிடுதியில் அவர் இறந்தார். கல்லறையில் கல் வைக்கவும் பணமில்லை.

ரைட்டுக்கு இளையவரான ஜேம்ஸ் பால்ட்வினிடம் இவ்வழக்கு உள்முகமாகத் திரும்புகிறது. 1955ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொகுதிக்குத் தலைப்புத் தந்த அவருடைய கட்டுரை, தந்தையின் சாவைப் பற்றியது. 1943 சூலை 29இல் தந்தை இறக்கிறார். சில மணி நேரத்தில் அவருடைய கடைசிக் குழந்தை பிறக்கிறது. இறுதிச் சடங்கு நிகழ்ந்தது பால்ட்வினின் பத்தொன்பதாம் பிறந்தநாளில். ஹார்லெமில் கலவரம் மூள்கிறது. உடைந்த கண்ணாடிச் சில்லுகளின் ஊடே உடலை இடுகாட்டுக்குக் கொண்டுசெல்கிறார்கள். தந்தை வெறுப்பினாலேயே உருக்குலைந்த மனிதர். அதே வெறுப்பு தம்மையும் பற்றியிருப்பதை மகன் நியூ ஜெர்சியின் உணவுவிடுதி ஒன்றில், கறுப்பர்க்கு உணவில்லை என்று மறுத்த பணிப்பெண்ணின்மீது தண்ணீர்க் குவளையை வீசியெறிந்த நொடியில் கண்டுகொள்கிறார். இத்தனை இருளுக்கு நடுவே, சடங்கில் யாரோ தந்தைக்குப் பிடித்த பாட்டொன்றைப் பாட, மறந்தே போயிருந்த ஒரு காட்சி எழுகிறது. முடிதிருத்தும் நாற்காலியின் கால்மிதியில் சிறுவனின் முழங்கால் சிராய்த்துக்கொண்டது; அழுகையை ஆற்றியபடி தந்தை அயோடின் தடவினார்; அப்போது அந்த முகம் எப்படியிருந்தது! மொத்தக் கட்டுரையிலும் அன்பு பளிச்சிடும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, எரிச்சல் தரும் மருந்தோடு வருகிறது. ஆறுதல் எரியாமல் வராது என்பதை அவர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. மருந்தின் பெயரை மட்டும் சொல்கிறார். கவிஞர்கள் கற்கவேண்டிய சிக்கனம் இது.

1973 ஆகஸ்டில் ஓர் இளம் கறுப்பின எழுத்தாளர் ஃபோர்ட் பியர்ஸில், இடுப்பளவு வளர்ந்த புதர்களுக்கிடையே, பாம்புக்கு அஞ்சியபடி சோராவின் பெயரைக் கூவிக் கூவிக் கல்லறையைத் தேடினார். தகவல் பெறுவதற்காகச் சோராவின் தமக்கை மகள் என்று ஊராரிடம் பொய்யும் சொன்னார். அவர் ஆலிஸ் வாக்கர். தேடிக் கண்ட பள்ளத்தின்மேல் கல் நட்டார். அக்கல்லில் பொறித்த பிறப்பாண்டு 1901. ஹர்ஸ்டன் தம் வயதைப் பத்தாண்டு குறைத்தே சொல்லிவந்தவர். அவர் சொன்ன பொய்யே கல்லிலும் ஏறிவிட்டது. இரு பொய்களும் சேர்ந்து ஒரு மூதாதையை மீட்டன! 1975இல் ‘மிஸ்’ இதழில் வந்த அத்தேடலின் கட்டுரையில் துயரத்துக்குச் சற்றும் குறையாமல் நகைச்சுவையும் இருக்கிறது.

வாக்கர் ஜார்ஜியாவில் குத்தகை உழவர் குடும்பத்தில் எட்டாவது குழந்தையாக 1944இல் பிறந்தவர். தாய்மார்களின் தோட்டங்களைப் பற்றிய அவருடைய 1974ஆம் ஆண்டுக் கட்டுரை புகழ்பெற்றது. எழுதப் படிக்கத் தடுக்கப்பட்ட காலத்தில், பாட்டியரும் கொள்ளுப்பாட்டியரும் தம் படைப்பாற்றலை எங்கே வைத்தார்கள் என்று அவர் கேட்கிறார். கந்தல் துணிகளை ஒட்டித் தைத்த போர்வையில், பாட்டில், தோட்டத்தில் என்பது விடை. அவருடைய தாய் விடியலில் வயலுக்குப் போகுமுன் பூச்செடிக்கு நீர் வார்ப்பார். வயலிலிருந்து திரும்பியபின் கிழங்குகளைப் பிரித்து நடுவார். குடியிருந்த வீடு எத்தனை இழிந்ததாயினும் அதனைச் சுற்றி ஐம்பது வகைக்கு மேற்பட்ட செடிகள் பூத்தன. வறுமையின் நினைவுகூடப் பூக்களின் திரை வழியாகவே வாக்கருக்குத் தெரிகிறது. குத்தகை உழவரின் உடலும் பொழுதும் நிலக்கிழாருக்கு அடகு. பருத்தி அவருக்குரியது; பூ தாய்க்குரியது. எந்தக் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படாத விளைச்சல் அது.

இதனினும் ஆழமானது, அழகைப் பற்றிய அவருடைய இன்னொரு கட்டுரை. 1983இல் நூலாக வந்த தொகுதியின் இறுதியில் இருப்பது. எட்டு வயதில் அண்ணன்மார் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குண்டு வலக்கண்ணில் பட்டது. தாழ்வாரத்தின் கீழிருந்து கூரைவரை வளர்ந்திருந்த ஒரு மரமே அக்கண் கடைசியாகக் கண்டது. தந்தையும் அண்ணனும் நெடுஞ்சாலைக்கு ஓடி ஒரு வண்டியை நிறுத்துகிறார்கள். ஓட்டியவர் வெள்ளையர். குழந்தைக்கு மருத்துவர் வேண்டும் என்று கேட்டதும் வண்டி போய்விடுகிறது. கட்டுரை இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தரவில்லை, சினந்தும் பேசவில்லை. பார்வை போயிற்று, விழியில் வெண்தழும்பு படிந்தது. அதுவரை ஊர் மெச்சத் தலைநிமிர்ந்து நின்ற சிறுமி, அதன்பின் ஆண்டுக்கணக்கில் தலைகுனிந்தே நடந்தாள். பதினான்காம் வயதில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் தழும்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. நீலம் படர்ந்த ஒரு குழிவு மட்டும் எஞ்சியது.

ஆண்டுகள் பல கழிந்து அவர் ஒரு மகளுக்குத் தாயாகிறார். என்றேனும் ஒருநாள் குழந்தை இக்கண்ணைக் கண்டு வெட்குமே, அஞ்சுமே என்பது தாயின் நெடுங்கால அச்சம். குழந்தைக்கு மூன்று வயது நெருங்குகிறது. நிலவிலிருந்து தோன்றும் நீலப் பூமியின் படத்தோடு தொடங்கும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை நாள்தோறும் பார்ப்பவள் அவள். ஒரு பகற்பொழுதில் உறங்கவைக்கக் கிடத்தியபோது, தாயின் முகத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டு உற்றுப் பார்க்கிறாள். தாய் அடிவாங்கக் காத்திருப்பவர் போல் உடலை இறுக்கிக்கொள்கிறார். குழந்தையோ அந்தக் கண்ணுக்குள் ஓர் உலகம் இருக்கிறதென்று கண்டு சொல்கிறாள்; அது எப்படி அங்கே வந்தது என்றும் வியக்கிறாள். தாய் குளியலறைக்கு ஓடிக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறார், அழுகிறார். அன்றிரவுக் கனவில் அவர் ஆடுகிறார். உடன் ஆடுபவரும் அவரே.

இங்கே குணமானது கண் அன்று. குழிவு அப்படியே இருக்கிறது. துப்பாக்கியும் நிற்காமல் போன வண்டியும் நடந்தவையாகவே இருக்கின்றன. மாறியது பார்வை. அந்த மாற்றமும் அறிவுரையால் வரவில்லை. ஒரு குழந்தை தொலைக்காட்சியில் கண்டதை வைத்து ஆடிய விளையாட்டால் வந்தது. உவகைக்கு விளையாட்டை நிலைக்களனாக வைத்த இலக்கணத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

ஆட்ரி லார்ட் முதன்மையாகக் கவிஞர். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1978 ஆகஸ்டில், பெண்வரலாற்று அறிஞர் கூடிய மாநாடொன்றில் இன்பத்தின் ஆற்றல் குறித்து ஒரு கட்டுரை படித்தார். அதில் அவர் தரும் சான்று இரண்டாம் உலகப்போர்க் காலத்து மார்கரின் பொட்டலம். அக்காலத்தில் வண்ணமூட்டிய மார்கரின்மீது அமெரிக்க அரசு கூடுதல் வரி விதித்திருந்தது. பால்பண்ணையார் வெண்ணெயைக் காக்கப் பெற்ற சட்டம் அது. 1950இல்தான் அவ்வரி நீங்கியது. ஆகவே மார்கரின் வெள்ளையாகவே விற்கப்பட்டது. ஒளிபுகும் உறைக்குள் மஞ்சள் நிறக் குளிகையொன்று மட்டும் இருக்கும். வீட்டில் பொட்டலத்தை இளகவிட்டு, குளிகையை உறைக்குள்ளேயே நசுக்கி, மெல்ல மெல்லப் பிசைந்தால் மஞ்சள் முழுவதும் பரவும். தம் உடலில் இன்பம் பரவும் வகை அதுவே என்கிறார் லார்ட். ஒருமுறை அவ்வாறு முழுதாக மகிழ்ந்தவர், அம்மகிழ்ச்சியையே அளவுகோலாக்கி, வேலையிடத்தையும் உறவையும் ஆட்சியையும் அளக்கத் தொடங்கிவிடுவார். குறைந்ததோடு அமைதி கொள்ளமாட்டார் என்பது அவர் வாதம். ஒடுக்குவோர் உவகையை அஞ்சுவதற்குக் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. நிறமற்றதாக விற்கப்பட்டதற்குள்ளேயே நிறமும் இருந்தது என்னும் குறிப்பை அவர் வாசகருக்கு விட்டுவிடுகிறார்.

அடுத்த மாதமே மார்பகப் புற்றுநோய் காரணமாக அவருடைய வலமார்பு அகற்றப்பட்டது. 1980இல் வெளிவந்த புற்றுநோய்க் குறிப்புகள் அந்நாள்களின் பதிவு. அறுவைக்குப் பின் ஆறுதல் கூற வந்த தன்னார்வப் பெண்மணி, இளஞ்சிவப்பில் ஒரு பஞ்சு மார்பைத் தருகிறார். கறுப்பரின் உடலுக்கு இளஞ்சிவப்பு மார்பு! லார்டுக்கு அது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. பத்து நாள் கழித்து, ஒற்றை மார்போடு, தம்மை அழகுபடுத்திக்கொண்டு, உயிரோடிருக்கும் மகிழ்ச்சியோடு மருத்துவரின் அறைக்குச் செல்கிறார். செயற்கை மார்பு அணியாமல் வந்தால் இங்குள்ள மற்றவர் மனம் தளர்ந்துவிடும் என்று செவிலி கடிந்துகொள்கிறார். இஸ்ரேலியப் படைத்தலைவர் மோஷே தயான் கண்மறைப்போடு உலகின்முன் நின்றாரே, அவரைக் கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளும்படி எவரேனும் சொன்னார்களா என்று லார்ட் கேட்கிறார். புண்ணை மறைத்தால்தான் மகிழ்ச்சி காட்டலாம் என்பது பழைய கூத்து மேடையின் விதி. புண்ணைக் காட்டியபடியே மகிழ்வேன் என்பது லார்டின் விடை. வாக்கரின் விழிக்குழிவும் லார்டின் தட்டையான மார்பும் ஹர்ஸ்டன் விட்ட இடத்தை நிரப்புகின்றன. அப்பக்கங்களிலிருந்து உவகையை மட்டும் கிள்ளி எடுத்து எவரும் தமக்குச் சாதகமான சான்றாக்க முடியாது. 1984இல் நோய் ஈரலுக்குப் பரவியது. 1992இல் அவர் இறக்கும் வரை எழுதினார். உடலைப் பேணுதல் தன்னலமன்று, போரின் பகுதி என்றார். அக்கருத்தையும் வாணிகம் பின்னர் எடுத்து அழகுப்பொருள் விற்கப் பயன்படுத்திக்கொண்டது தனிக்கதை.

கென்டக்கியில் பிறந்து, கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராகக் கொண்ட பெல் ஹூக்ஸ் 1993இல் எழுதிய, கறுப்பினப் பெண்களின் தன்மீட்பு குறித்த நூலும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. ஆப்பிரிக்காவிலும் கடல்கடந்த கறுப்பர் நிலங்களிலும் உணவாக வழங்கும் வள்ளிக்கிழங்கை அவர் உறவின் குறியாக்கினார். ஆயினும் நூலில் அறிவுரை மிகுதி. தம் வாழ்வின் காட்சிகள் குறைவு. கட்டுரையாக நெஞ்சில் நிற்பன சில பக்கங்களே.

இவ்வெழுத்துகளுக்கும் இந்திய மண்ணுக்கும் உள்ள தொடர்பு கற்பனையன்று. 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரை அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியிலிருந்து பெற்றது. தமிழில் துறவுமடத்தை விட்டு வெளியேறிய பாமா எழுதிய ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, அதிலிருந்த வடுக்களைப் பலர் கண்டனர். அதே நூலில் தெருவிளையாட்டும் திருவிழாவும் கேலிப்பேச்சும் எத்தனை இடம் பிடித்திருக்கின்றன என்பதைப் பேசியவர் சிலரே. 1996இல் அவர் தம் சிறுகதைத் தொகுதிக்குக் ‘கிசும்புக்காரன்’ என்றே பெயர் வைக்கவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கறுப்பரின் சிரிப்பை ஏவி வாங்கிய காலம் போய், இப்போது அதை அடக்கச் சொல்லும் காலம் வந்திருக்கிறது. 2015 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு சுற்றுலா இரயிலிலிருந்து பதினொரு பெண்கள் கொண்ட வாசகர் குழு இறக்கிவிடப்பட்டது. ஒருவர் தவிர அனைவரும் கறுப்பர். உரக்கச் சிரித்தார்கள் என்பதே புகார். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலடியில் இறந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில், உவகையையே பொருளாகக் கொண்ட நூல்கள் பல வந்தன. டிரேசி லூயிஸ்-கிகெட்ஸ் 2022இல் வெளியிட்ட தன்னனுபவக் கட்டுரைத் தொகுதியின் தலைப்பே கறுப்பின உவகை என்பதுதான். இவற்றுக்கு முன்னோடியாக நிற்பது, ராஸ் கே என்னும் கவிஞர் 2019இல் வெளியிட்ட மகிழ்ச்சிகளின் நூல்.

தம் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளான 2016 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம், நாளொன்றுக்கு ஒரு மகிழ்ச்சியைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதுவது என்று அவர் தமக்கு விதி வகுத்துக்கொண்டார். கையால் எழுதவேண்டும்; விரைந்து எழுதவேண்டும். சில நாள் தவறினார். தவறியதையும் மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். அவர் வாழும் இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் ஊரார் பொதுவில் வளர்க்கும் கனித்தோட்டத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். ஆகவே நூலெங்கும் மண்ணும் செடியும். ஒரு கட்டுரையில் தக்காளி நாற்றொன்றைக் கையில் பிடித்தபடி விமானம் ஏறுகிறார். நெடிதுயர்ந்த கறுப்பு ஆடவர். விமான நிலையங்களில் அத்தகையவரைப் பார்க்கும் பார்வை எத்தகையது என்பது தெரிந்ததே. நாற்றைக் கண்டதும் பார்ப்பவர் முகங்கள் மலர்கின்றன. விமானம் குலுங்கும்போது அவர் கை தானாகவே நாற்றைக் காக்கிறது. குழந்தையைச் சுமப்பவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு அவருக்குக் கிடைக்கிறது. நாற்றில்லாமல் வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் எழுதவில்லை. எழுதாததால் அது வாசகர் மனத்தில் தங்கிவிடுகிறது. எல்லாக் கட்டுரைகளும் இந்த உயரத்தில் இல்லை. சில, நாட்குறிப்பின் மேல் எழும்பவில்லை.

இன்னொரு கட்டுரை டெட்ராய்ட் நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் நடக்கிறது. வாயிற்கதவின் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு: இங்கே வெறுமனே நின்றுகொண்டிருக்கக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் கறுப்பரைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்ட குற்றச்சாட்டு அது. வேலை செய்யாமலும் பொருள் வாங்காமலும் ஒரு கறுப்பு உடல் சும்மா மகிழ்ந்திருப்பது ஏன் சிலரை அச்சுறுத்துகிறது என்று கே எண்ணுகிறார். தாமும் நண்பரும் சேர்ந்து சிரித்தபோது, உணவகத்திலும் மதுக்கடையிலும் பெரும் பல்கலைக்கழகத்து மன்றத்திலும் ‘உஷ்’ என்று அடக்கப்பட்டதை நினைவுகூர்கிறார். சும்மா இருத்தல் என்பதற்குரிய சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறார். அவற்றுள் அவருக்குப் பிடித்தது, அவரவர் தம் நேரத்தை எடுத்துக்கொள்ளுதல் என்னும் வழக்கு. எடுத்துக்கொள்ளவேண்டுமானால் அது யாரிடமோ இருந்திருக்கவேண்டும். அந்த நேரத்துக்குத் தாமே உரிமையாளர் என்று எண்ணிக்கொண்டிருப்பவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வாங்கவேண்டியதை வாங்கிவிட்ட பிறகும், அவர் அதே நாற்காலியில் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறார்.